ஓஎம்ஆர் ஃப்ளாட்டை விற்கப் போகிறீர்களா? மறுவிற்பனை மதிப்பைக் கணக்கிடுவது முதல் சாவி கொடுப்பது வரை

சென்னை ஓஎம்ஆரில் (பழைய மகாபலிபுரம் சாலை) 2013-ல் வாங்கிய ஃப்ளாட்டை 2024 நவம்பரில் விற்றேன். அதன்பிறகு மைத்துனர், அலுவலக நண்பர்கள் இருவர், மேல்மாடி மாமி என்று நான்கு பேருக்குக் கூடவே இருந்து விற்றுக் கொடுத்திருக்கிறேன். நான்கு பேரும் தடுக்கியது ஒரே இடத்தில்தான். முதலில் விளம்பரம் போட்டார்கள், பிறகு விலையை யோசித்தார்கள், ஆள் வந்து உட்கார்ந்த பிறகு பத்திரத்தைத் தேடினார்கள்.

கீழே உள்ள வரிசை அதற்கு நேர் தலைகீழ். 2012 முதல் 2014 வரை உச்ச விலையில் வாங்கி, பிறகு வந்த மந்தத்தில் மாட்டிக்கொண்டவர்களை மனதில் வைத்து எழுதியது. கணக்கு புரிவதற்காக என் ஃப்ளாட்டின் எண்களையே முழு எண்களாக்கிப் போட்டிருக்கிறேன். உங்கள் தெருவின் எண் வேறாக இருக்கும்; போடும் முறை ஒன்றுதான்.

1. வாங்கிய விலையை ஒரு தாளில் எழுதி மடித்து வையுங்கள்

எனக்கு எல்லாம் சேர்த்து ஆன செலவு 48 லட்சம். வங்கிக்குக் கட்டிய வட்டியையும் கூட்டினால் தொகை எங்கேயோ போகும். மனசு அந்த எண்ணைத்தான் பிடித்துக்கொண்டு நிற்கும்: "போட்டதாவது வரணுமே."

வாங்க வருபவருக்கு அந்த எண் தேவையே இல்லை. அவர் பக்கத்துத் தெருப் புது ஃப்ளாட்டையும், உங்கள் பிளாக்கிலேயே விற்பனைக்கு இருக்கும் இன்னொரு வீட்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பார். மைத்துனர் வட்டியையும் சேர்த்து ஒரு விலை சொல்லி பதினான்கு மாதம் உட்கார்ந்திருந்தார். விளம்பரம் பழசானது. ப்ரோக்கர்கள் "அந்த வீடா, அது போகாது சார்" என்று வருகிறவர்களிடமே சொல்ல ஆரம்பித்தார்கள். கடைசியில் முதல் மாதம் வந்த விலையைவிடக் குறைவாகத்தான் போனது.

மடித்து வைத்த தாள் ஆறாவது படியில் வரிக் கணக்குக்குத் தேவைப்படும். அதுவரை திறக்க வேண்டாம்.

2. விலை பேசும் முன் பத்திரக் கட்டை முழுமையாக்குங்கள்

இதை ஏன் விலைக்கு முன்னால் வைக்கிறேன் என்றால், ரீசேல் வாங்குபவர்களில் பெரும்பாலோர் வங்கிக் கடனில் வாங்குகிறார்கள். வங்கி வக்கீல் ஒரு காகிதம் இல்லை என்றால் கடன் நிற்கும். கடன் இல்லாமல் முழுப் பணத்தோடு வருபவர் அடித்துத்தான் கேட்பார். ஆக, காகிதக் குறை என்பது நேரடியாக விலைக் குறை.

கையில் இருக்க வேண்டியவை: உங்கள் கிரையப் பத்திரம், கட்டுமான ஒப்பந்தம், பில்டருக்குக் கட்டிய ரசீதுகள், தாய்ப்பத்திரங்களின் நகல், சிஎம்டிஏ அல்லது டிடிசிபி (கட்டட அனுமதி தரும் அரசு அமைப்புகள்) அனுமதி வரைபடம், கட்டி முடித்த சான்றிதழ், ஒப்படைப்புக் கடிதம், சொத்து வரி ரசீது, ஈபி அட்டை, அசோசியேஷனின் பாக்கியில்லாச் சான்று.

இதில் அதிகம் தொலைந்து போவது கட்டுமான ஒப்பந்தம். அந்தக் காலத்தில் நமக்கு இரண்டு ஆவணம் போட்டார்கள். பிரிக்கப்படாத மனைப் பங்குக்கு, அதாவது யுடிஎஸ்ஸுக்கு, ஒரு கிரையப் பத்திரம். கட்டடத்துக்குத் தனியாக ஒப்பந்தம். என் கிரையப் பத்திரத்தில் இருக்கும் தொகை 13 லட்சத்துச் சொச்சம்தான். ஒப்பந்தமும் ரசீதுகளும் இல்லையென்றால் மீதி 30 லட்சத்துக்கு மேல் நான் செலவு செய்ததற்கு வரித்துறையிடம் காட்ட ஒன்றுமே இருக்காது.

வீட்டுக் கடன் இருந்தால் இன்னொரு வேலை. கடன் வாங்கியபோது உரிமைப் பத்திரம் ஒப்படைத்ததைப் பதிவு செய்திருப்பார்கள். கடனை அடைத்தால் மட்டும் போதாது. கடன் தீர்ந்தது என்று வங்கி ஒரு ரசீது ஆவணம் எழுதி சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தால்தான் வில்லங்கச் சான்றில் அந்த வரி தீர்ந்ததாகத் தெரியும். கடன் முடிந்த 30 நாளுக்குள் அசல் பத்திரங்களைத் திருப்பித் தரவேண்டும், தங்கள் பக்கம் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் ஈடு தரவேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023-ல் உத்தரவு போட்டிருக்கிறது. கிளையில் இழுத்தடித்தால் இதைச் சொல்லி எழுத்தில் கேளுங்கள்.

சிலர் "ரேரா நம்பர் எங்கே?" என்று, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண்ணை, கேட்பார்கள். 2017-க்கு முன்பே பணி முடிந்து சான்றிதழும் வாங்கிய கட்டடத்துக்கு அது இருக்காது. திருதிருவென்று விழிக்காமல் கட்டி முடித்த சான்றிதழை எடுத்துக் காட்டுங்கள்.

3. ஃப்ளாட்டை மண், கட்டடம் என்று இரண்டாகப் பிரித்துக் கணக்குப் போடுங்கள்

இந்தப் படிதான் முதுகெலும்பு. கட்டடம் ஆண்டுக்கு ஆண்டு தேயும். மண் ஏறும், அல்லது மந்தத்தில் அப்படியே நிற்கும். உங்கள் ஃப்ளாட்டில் எது எவ்வளவு என்று தெரியாமல் சதுர அடி விலையை மட்டும் பேசினால் ஏமாறுவீர்கள். அல்லது யாரும் தராத விலையைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள்.

என் ஃப்ளாட் 1,100 சதுர அடி. யுடிஎஸ் 550 சதுர அடி. உள் தெருவில் காலி மனை சதுர அடி 6,000 ரூபாய்க்குப் போய்க்கொண்டிருந்தது. மண் மதிப்பு: 550 × 6,000 = 33 லட்சம்.

கட்டடம்: அன்றைக்கு அதே தரத்தில் கட்ட சதுர அடிக்கு 2,400 ரூபாய் என்று எடுத்துக்கொண்டேன். 1,100 × 2,400 = 26.4 லட்சம். ஆயுள் 60 ஆண்டு என்று வைத்தால், சுமார் 12 வயதான கட்டடத்துக்கு 20 சதவீதம் கழியும். மீதி 21.12 லட்சம்.

இரண்டும் சேர்ந்தால் 54 லட்சம். இது மேல் வரம்பு. யுடிஎஸ்ஸைத் தனியாக வெட்டி எடுத்து விற்க முடியாது என்பதால் மண் மதிப்பில் 15 சதவீதம் கழித்துக் கீழ் வரம்பையும் போடுவேன்: 28 + 21 = 49 லட்சம். வங்கி மதிப்பீட்டாளரின் எண் பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் நடுவில் வந்து விழும்.

இப்போது எதிர்ச் சாரியில் உள்ள பதினெட்டு மாடிக் கோபுரத்தைப் பாருங்கள். அதே 1,100 சதுர அடி, அதே வயது, யுடிஎஸ் 300. மண் 18 லட்சம், கட்டடம் 21 லட்சம், மொத்தம் 39. ஆனால் நீச்சல் குளமும் ஜிம்மும் இருப்பதால் இன்றைக்கு அதுவும் 50-க்கு மேல் கேட்கிறது. அங்கே விற்பவர் வசதியை விற்கிறார். வசதி தேயும் பொருள். லிஃப்ட் பழசாகி, முகப்பில் பெயிண்ட் உரியத் தொடங்கியதும் அந்த விலை தளரும். அப்படிப்பட்ட டவரில் வீடு வைத்திருப்பவர்கள் விற்பதாக இருந்தால் சீக்கிரம் விற்பது நல்லது என்பது என் எண்ணம். மூன்று மாடி பிளாக்கில் நல்ல யுடிஎஸ் வைத்திருப்பவர்களுக்கு அவசரம் இல்லை.

இன்னொரு காரணமும் உண்டு. நம் பிளாக்குகள் கட்டியபோது சாதாரணக் கட்டடங்களுக்கு மனைப் பரப்பைப் போல ஒன்றரை மடங்குதான் தளப்பரப்பு அனுமதி. 2019-ல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகள் அதை இரண்டு மடங்காக்கின. நாளை இடித்துக் கட்டினால் அதே மண்ணில் கூடுதலாகக் கட்டலாம். கேட்கும் விலையைத் தூக்க இதைப் பயன்படுத்தாதீர்கள். பேரத்தில் இறங்காமல் நிற்கப் பயன்படுத்துங்கள்.

4. பக்கத்து வீடு உண்மையில் என்ன விலைக்குப் போனது என்று பாருங்கள்

சொத்து இணையதளங்களில் பார்ப்பது கேட்கும் விலை. போன விலை வேண்டுமென்றால் பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். பார்வையிடக் கட்டணம் இல்லை.

வீட்டு எண்ணை வைத்துத் தேடாமல் உங்கள் சர்வே எண், உட்பிரிவு எண் கொடுத்து, கடைசி மூன்று ஆண்டுகளுக்குத் தேடுங்கள். உங்கள் பிளாக்கில் நடந்த கைமாற்றங்கள் வரிசையாக வரும். ஒவ்வொன்றிலும் "கைமாற்றுத் தொகை" என்று ஒரு கட்டமும், கீழே சொத்து விவரத்தில் யுடிஎஸ் எவ்வளவு, எந்த மாடி என்பதும் இருக்கும். எங்கள் பிளாக்கில் அப்படி மூன்று ரீசேல் கிடைத்தது. மூன்றும் 50-க்கும் 55-க்கும் இடையில். என் மூன்றாம் படிக் கணக்கோடு ஒத்துப்போனபோதுதான் எனக்கே தைரியம் வந்தது.

படிக்கும்போது இரண்டு இடத்தில் புதியவர்கள் தவறுகிறார்கள். 13 லட்சம், 15 லட்சம் என்று சின்னத் தொகை தெரிந்தால் அது பில்டர் செய்த முதல் விற்பனையாக இருக்கும். யுடிஎஸ் மட்டும் பதிவானது. அதை ரீசேல் விலையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அடுத்தது, 2017 ஜூனில் வழிகாட்டி மதிப்பை, அதாவது பதிவுக்காக அரசு தெருவாரியாக வைக்கும் மதிப்பை, 33 சதவீதம் குறைத்தார்கள். 2023 ஏப்ரலில்தான் பழைய நிலைக்கு ஏற்றினார்கள். இடைப்பட்ட ஆண்டுகளின் பத்திரங்களில் உண்மைத் தொகையைவிடக் குறைத்து எழுதப்பட்டவை கலந்திருக்கலாம். அதனால் மூன்று ஆண்டுக்குள் நடந்ததை மட்டும் நம்புங்கள்.

5. வாடகையும் தண்ணீரும்

என் வீட்டு வாடகை 15,500. ஆண்டுக்கு 1.86 லட்சம். 54 லட்சத்துக்கு அது 3.4 சதவீதம். உங்கள் கணக்கு 2.5-க்குக் கீழே போனால் நீங்கள் நினைக்கும் விலை அதிகம் என்று சந்தேகப்படுங்கள். முதலீட்டுக்காக வாங்குபவர் நாற்காலியில் உட்கார்வதற்கு முன்பே இதைப் போட்டுப் பார்த்துவிட்டு வருவார்.

ஓஎம்ஆரில் வருகிற எல்லோரும் கேட்கும் கேள்விகள் மூன்று. 2015 வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் தண்ணீர் வந்ததா? 2019 கோடைத் தண்ணீர்ப் பஞ்சத்தில் என்ன செய்தீர்கள்? மாதத்துக்கு எத்தனை லாரித் தண்ணீர்?

வாய்ப்பேச்சாகச் சொல்லாமல் அசோசியேஷனிடம் கடைசி பன்னிரண்டு மாத மெயின்டெனன்ஸ் கணக்கை வாங்கி வையுங்கள். லாரித் தண்ணீர் செலவு அதில் தனி வரியாக இருக்கும். தண்ணீர் வந்திருந்தால் எந்த அளவு என்பதையும் சொல்லிவிடுங்கள். தரைத்தள மீட்டர் பெட்டிக்குக் கீழே பழைய கறைக் கோடு எங்கள் பிளாக்கில் இன்னும் இருக்கிறது. அதை நானே அழைத்துப் போய்க் காட்டினேன்: "இதுக்கு மேல ஏறலைங்க." மறைத்திருந்தால் வாட்ச்மேன் சொல்லியிருப்பார்.

உள்ளே செலவு? ஒழுகும் குளியலறையை மட்டும் சரிசெய்து, வெள்ளையடித்தேன். மாடுலர் கிச்சன் போட்டு விற்ற நண்பருக்குப் போட்ட பணம் திரும்பவில்லை.

6. வரி: மடித்து வைத்த தாளை இப்போது திறக்கலாம்

24 மாதத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால் நீண்டகால மூலதன ஆதாயம். 2024 ஜூலை 23 அன்றோ அதற்குப் பிறகோ விற்றால் 12.5 சதவீதம், பணவீக்கக் குறியீட்டுச் சலுகை (வாங்கிய விலையைப் பணவீக்கத்துக்கு ஏற்ப உயர்த்திக் கணக்கிடுவது) இல்லை. ஆனால் அந்தத் தேதிக்கு முன் வாங்கிய வீட்டுக்கு, இந்தியாவில் வசிக்கும் தனிநபர் பழைய முறைப்படி குறியீடு போட்டு 20 சதவீதம் கணக்கிட்டு, எது குறைவோ அதைக் கட்டலாம்.

என் கணக்கு: 54 − 48 = 6 லட்சம் ஆதாயம். புது முறையில் 75,000 ரூபாய், செஸ் சேர்த்து 78,000. பழைய முறையில் 2013-14-ன் குறியீடு 220, 2024-25-ன் குறியீடு 363. 48 லட்சத்தை 363-ஆல் பெருக்கி 220-ஆல் வகுத்தால் 79.2 லட்சம். விற்ற விலையைவிட அதிகம். வரி பூஜ்யம். ஆடிட்டர் ஒருவர் புது முறை மட்டும்தான் என்று முதலில் சொன்னார். நானே அட்டவணையை எடுத்துக் காட்ட வேண்டியிருந்தது.

அந்த 25 லட்ச ரூபாய் "நஷ்டத்தை" வேறு ஆதாயத்தோடு கழித்துக்கொள்ள முடியாது. அது வரியைக் குறைக்க மட்டும் தந்த சலுகை. வாங்கிய விலைக்கே கீழாக விற்று உண்மையாகவே நஷ்டப்பட்டால் கதை வேறு: அதை எட்டு ஆண்டு வரை நீண்டகால ஆதாயங்களோடு கழிக்கலாம்; ஆனால் கெடு தேதிக்குள் ரிட்டர்ன் போட்டிருக்க வேண்டும். வருமானத்தில் ஏற்கெனவே கழித்துக்கொண்ட வீட்டுக் கடன் வட்டியை வீட்டின் அடக்க விலையில் மறுபடி சேர்க்க முடியாது என்பதையும் கவனியுங்கள்.

சிங்கப்பூர், துபாய், அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு: அந்தத் தேர்வு உங்களுக்கு இல்லை, 12.5 சதவீதம்தான். அதோடு வாங்குபவர் விற்பனைத் தொகை முழுவதற்கும் வரி பிடிப்பார். ஆதாயத்துக்கு மட்டும் பிடிக்க வேண்டுமென்றால் வருமான வரித்துறையிடம் குறைந்த பிடித்தச் சான்றிதழ் வாங்க வேண்டும். ஒப்பந்தம் போடும் முன்பே அதற்கு விண்ணப்பியுங்கள். பதிவுக்கு முந்தைய வாரம் ஓடினால் கிடைக்காது.

வழிகாட்டி மதிப்பையும் இங்கே பார்த்துவிடுங்கள். விற்பனை விலை அதைவிடக் குறைவாக இருந்து, வித்தியாசம் பத்து சதவீதத்தைத் தாண்டினால் வரித்துறை வழிகாட்டி மதிப்பையே விற்ற விலையாக எடுத்துக்கொள்ளும். 2023, 2024 திருத்தங்களுக்குப் பிறகு மந்தமான தெருக்களில் இது நடக்க வாய்ப்பு உண்டு.

7. வாங்குபவரின் சட்டைப்பையை எண்ணிவிட்டு விலை சொல்லுங்கள்

30 முதல் 75 லட்சம் வரையான வீட்டுக் கடனுக்கு வங்கி சொத்து மதிப்பில் 80 சதவீதம் வரைதான் கொடுக்கும். 54 லட்சம் வீட்டுக்குக் கடன் 43.2 லட்சம். மீதி 10.8 லட்சமும், முத்திரைத்தாள் 7, பதிவு 2 என்று ஒன்பது சதவீதமாக 4.86 லட்சமும் அவர் கைக்காசு. கிட்டத்தட்ட 16 லட்சம் ரொக்கமாக இருந்தால்தான் உங்கள் வாசலுக்கே வருவார். நீங்கள் ஒரு லட்சம் ஏற்றினால் அவர் கைக்காசில் சுமார் 29,000 கூடும். மதிப்பீட்டாளர் ஏற்காத விலையாக இருந்தால் அந்த லட்சம் முழுவதும் அவர் கையில் இருந்துதான் வரவேண்டும்.

உங்கள் பக்கத்துக்கும் ஒரு துருப்புச் சீட்டு உண்டு. கட்டிக்கொண்டிருக்கும் புது ஃப்ளாட்டுக்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி; ரீசேலுக்கு அது கிடையாது. 50 லட்சம் முதல் 3 கோடி வரையான புது ஃப்ளாட்டின் முதல் விற்பனைக்குப் பதிவுச் செலவு 7 சதவீதம்தான் என்றாலும், ஜிஎஸ்டியோடு சேர்ந்து 12 ஆகிவிடுகிறது. நமக்கு 9. ஒரு தாளில் எழுதிக் காட்டினால் பேரம் அமைதியாகும்.

நான் 57 கேட்டேன், 54-க்கு முடித்தேன். 52-க்குக் கீழே இறங்குவதில்லை என்று வீட்டில் முன்பே பேசி வைத்திருந்தோம். விளம்பரத்தில் 1,100 சதுர அடி என்பதோடு கார்பெட் ஏரியாவையும் (சுவர்களுக்குள் புழங்கும் பரப்பு), யுடிஎஸ்ஸையும் போடுங்கள். யுடிஎஸ் போட்ட விளம்பரத்துக்கு வந்த அழைப்புகள் குறைவு. ஆனால் வந்தவர்கள் எல்லாம் வாங்குகிற ஆட்கள். ப்ரோக்கர் கமிஷன் எங்கள் பக்கம் ஒரு சதவீதம் வழக்கம். இரண்டு கேட்டால் முதலிலேயே பேசி முடியுங்கள்.

8. அட்வான்ஸும் ஒப்பந்தமும்

20,000 ரூபாயோ அதற்கு மேலோ அட்வான்ஸை ரொக்கமாக வாங்காதீர்கள். வாங்கிய அளவுக்கே அபராதம் போட வருமான வரிச் சட்டத்தில் இடம் இருக்கிறது. தமிழ்நாட்டில் விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்பது 2012 டிசம்பர் முதல் சட்டம். பலர் வெறும் ஸ்டாம்ப் பேப்பரோடு நிறுத்திவிடுகிறார்கள்.

ஒப்பந்தத்தில் விட்டுப்போவது கெடுவும், கடன் கிடைக்காவிட்டால் அட்வான்ஸ் என்ன ஆகும் என்பதும். மாமி வீட்டு விஷயத்தில் இது இல்லாமல், வாங்குபவர் கடன் மறுக்கப்பட்டு, அட்வான்ஸைத் திருப்பி வாங்க மூன்று மாதம் தினமும் படியேறினார். நாங்கள் 75 நாள் கெடு போட்டோம். வங்கி காரணத்தால் தாமதமானால் மேலும் 15 நாள்.

கூட்டுப் பெயரில் உள்ள வீட்டில் ஒருவர் வெளிநாட்டில் இருந்தால் பவர் பத்திரத்தை இப்போதே தொடங்குங்கள். இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம், இங்கே வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை, பதிவு நாளுக்கு எழுதிக் கொடுத்தவரின் உயிர்வாழ் சான்று. கடைசிச் சான்று இல்லாமல் டோக்கன் எடுத்துப் போய்த் திரும்பி வந்த ஜோடியை நானே பார்த்திருக்கிறேன்.

9. பதிவு நாளும் அதற்குப் பிறகும்

50 லட்சமும் அதற்கு மேலும் என்றால் வாங்குபவர் 1 சதவீதம் டிடிஎஸ், அதாவது உங்கள் கணக்கில் முன்கூட்டியே வரி, பிடிப்பார். 50-க்கு மேல் உள்ள தொகைக்கு மட்டும் என்று நினைக்கிறார்கள், முழுத் தொகைக்கும்தான். எனக்கு 54,000 ரூபாய். உங்கள் பான் எண்ணில் வரவாகியிருக்கிறதா என்று சரிபாருங்கள். வரி பூஜ்யமாக இருந்தாலும் ரிட்டர்ன் போட்டால்தான் அது திரும்பி வரும்.

வங்கி ஆள் கொண்டுவரும் டிடியில் பெயரின் இனிஷியல் உங்கள் வங்கிக் கணக்கோடு ஒத்துப்போகிறதா என்பதைக் கைரேகை வைப்பதற்கு முன் பாருங்கள். கைரேகை வைத்த பிறகு கண்ணில் பட்டால் புது டிடிக்காக இரண்டு வாரம் அலைய நேரிடும், வீடு ஏற்கெனவே கைமாறியிருக்கும்.

சாவி கொடுக்கும்போது ஈபி மீட்டரின் எண்ணை இருவரும் சேர்ந்து போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அசோசியேஷனில் நீங்கள் கட்டிய கார்பஸ் நிதி (பொது இருப்புப் பணம்) விலையில் சேர்ந்ததா, தனியா என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்க வேண்டும்; நான் எழுதவில்லை, 30,000 ரூபாயை விட்டுக்கொடுத்தேன். அசல் பத்திரங்கள் எல்லாம் போய்விடும். கட்டுமான ஒப்பந்தத்தையும் ரசீதுகளையும் அவர்கள் கைக்குப் போகும் முன் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து வையுங்கள். ரிட்டர்ன் போடும்போது ஆடிட்டர் முதலில் கேட்பது அதைத்தான்.